வீட்டுக்குள் ஒரு லேத்

நானூறு கிலோ வார்ப்பிரும்பு முறுக்கிக்கொள்ளும் என்று சொன்னால் எளிதில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் முறுக்கிக்கொள்ளும். லேத்தின் அடித்தளமான பெட் என்னதான் கனமாக இருந்தாலும், ஒரு காலுக்கு அடியில் மட்டும் தரை தாளின் தடிமன் அளவு இறங்கியிருந்தால், போல்ட்டை இறுக்க இறுக்க அந்த மூலை பள்ளத்தை நோக்கிப் போகும். ஒரு கால் குட்டையான கயிற்றுக் கட்டிலில் ஆள் படுத்ததும் சட்டம் கோணிக்கொள்கிறதே, அதே கதைதான். கோணல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இருக்கும். இருந்தாலும் அந்த லேத்தில் கடையும் ஒவ்வொரு ராடும் ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்து வெளியே வரும்.

வீட்டில் பட்டறை போட ஆசைப்படுகிறவர்கள் எந்த மெஷின் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதை எங்கே, எந்தத் தரையில் வைக்கப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். துல்லியம் மெஷினோடு லாரியில் வந்து இறங்கிவிடுவதில்லை. அதில் பாதியை நிறுவும் இடத்தில்தான் உண்டாக்க வேண்டும். புதுவீடு கட்டுகிறவர்களுக்கு இதில் பெரிய அனுகூலம் உண்டு. சுவர் எழும்பும்போதே தரையையும் மின்கம்பியையும் பட்டறைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ள முடியும்.

உலோக வேலைக்கு எத்தனையோ இயந்திரங்கள் இருக்க, லேத்தில் ஏன் தொடங்க வேண்டும்? மற்ற பல இயந்திரங்களில் வேலைப்பொருள் சுழலாது, வெட்டும் கருவிதான் சுழலும். லேத்தில் பொருள் சுழல்கிறது, கருவி அதன் பக்கத்தில் நேர்கோட்டில் நகர்கிறது. இந்த இரண்டு அசைவுகளிலிருந்தே உருளை, கூம்பு, துளை, மரை, தட்டையான முகம் எல்லாம் பிறக்கின்றன. ஒரு லேத் இருந்தால் இன்னொரு லேத்தின் முக்கிய பாகங்களில் பலவற்றை அதிலேயே கடைந்துவிடலாம். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்ற கொல்லர் 1800ஆம் ஆண்டையொட்டிச் செய்த மரை வெட்டும் லேத்தின் பெருமையும் இதில்தான் இருக்கிறது. கருவியைக் கையால் பிடிக்காமல் இறுக்கமான ஸ்லைடில் பூட்டினார். அந்த ஸ்லைடை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவைப் பல்சக்கரங்களால் சுழலும் அச்சோடு இணைத்தார். இவற்றைத் தனித்தனியாக முன்பே சிலர் முயன்றிருந்தார்கள். மாட்ஸ்லே முழுக்க உலோகத்தில், ஒரே உறுதியான உடம்பில் சேர்த்துக் காட்டினார். ஒரு நல்ல மரையிலிருந்து அதைவிட நல்ல மரையை வெட்ட முடிந்தது. அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த்தான் 1841இல் மரைகளுக்குப் பொது அளவுகளை முன்மொழிந்தார். பழைய பைப்புகளிலும் பம்புகளிலும் இன்றும் கைக்கு வருகிற 55 டிகிரி மரை அவருடையது.

லேத் வீட்டு அறைக்குள் நுழைந்தது மின்மோட்டாரால். நீராவி எஞ்சின் காலத்தில், கூரையில் ஓடும் ஒரே நீண்ட ஷாஃப்டிலிருந்து பெல்ட் இறக்கித்தான் எல்லா மெஷினையும் ஓட்டினார்கள். அதற்குப் பெரிய ஷெட் வேண்டும், எஞ்சினைக் கவனிக்க ஆள் வேண்டும். மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று ஆனதும் பத்தடி அறை போதும் என்றானது. கோவையின் வரலாற்றில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. 1926இல் அங்கே பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தொடங்கியது. 1932இல் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்க, மலையிலிருந்து மின்சாரம் கீழே இறங்கியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள். ஆலை, பம்பு, கிரைண்டர் என்று தொழில் பெருகப் பெருக, உதிரிபாகங்களைக் கூலிக்குக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பெருகின. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வீட்டை ஒட்டிய அறையில் அப்பாவும் மகனுமாக லேத் ஓட்டுவது அந்த ஊரில் யாருக்கும் புதுமை இல்லை. பெரிய ஆலை வைத்திருப்பவர்கள் பலரும் இப்படியொரு அறையிலிருந்து புறப்பட்டவர்கள்தான்.

இனி வீட்டுக்கு வருவோம். பட்டறை தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். மாடியில் வைத்தால் எடையைத் தாங்குமா என்பது ஒரு கவலை. தாங்கினாலும் தளம் லேசாக வளைந்து நிமிரும் என்பது அடுத்த கவலை. நீங்கள் லேத்தின் இந்தப் பக்கம் நின்றால் ஒரு அளவு, அந்தப் பக்கம் போனால் வேறு அளவு வரும். மண்ணை நன்றாக இடித்து, அதன்மேல் 4 முதல் 6 அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டால் வீட்டு அளவு லேத்துக்குத் தாராளம். கான்கிரீட் 28 நாள் இறுகட்டும். அதற்குப் பிறகும் பல மாதங்கள் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

வீடு முழுக்க டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி இந்த அறையையும் விடமாட்டார். விடச் சொல்லுங்கள். டைல்ஸுக்கு அடியில் கலவை எல்லா இடத்திலும் ஒரே சீராக நிரம்பியிருக்காது. தட்டிப் பார்த்தால் சில இடங்கள் வெற்றொலி தரும். லேத்தின் கால் அந்த இடத்தில் உட்கார்ந்தால் டைல்ஸ் இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளை விரியும், விரிந்த அன்று மெஷினின் மட்டம் போய்விடும். சாதாரண சிமென்ட் தரையே போதும். எண்ணெய் சிந்தினால் டைல்ஸ் அளவுக்கு வழுக்காது, சூடான சீவல் விழுந்தாலும் கெடாது.

மெஷினை வீட்டுக்குள் கொண்டுவருவது எல்லா வேலையும் முடிந்த பிறகுதான். இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் இரண்டு. ஒன்று தூசி. கிரானைட் அறுக்கும்போதும் பட்டி தேய்க்கும்போதும் கிளம்பும் தூள், எண்ணெய் பூசிய பெட்டில் ஒட்டிக்கொண்டு, கருவியைச் சுமக்கும் சேடில் நகரும்போதெல்லாம் இரும்பை அரைக்கும். மற்றொன்று ஆசிட். தரை போட்டு முடித்ததும் சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். அதிலிருந்து எழும் ஆவி பக்கத்து அறை வரைக்கும் போய், பளபளவென்று தீட்டிய இரும்பை ஒரே இரவில் சிவக்க வைத்துவிடும். குளியலறை கழுவும் ஆசிட் பாட்டிலைப் பட்டறை அலமாரியில் ஒருபோதும் வைக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசியும்.

மின்சாரம். வீட்டு அளவில் விற்கும் நாலரை அடி லேத்துக்கு 1 எச்.பி. மோட்டார் வழக்கம். அது 746 வாட், மிக்ஸியைவிடச் சற்றே அதிகம். ஆனால் கிளம்பும் நொடியில் வழக்கமானதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் மெயின் போர்டிலிருந்து பட்டறைக்குத் தனிக் கம்பி, தனி பிரேக்கர், உறுதியான எர்த் மூன்றும் வேண்டும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரே போதும் என்றாலும், த்ரீ ஃபேஸ் மோட்டாரை வி.எஃப்.டி. என்ற கருவியின் வழியாக ஓட்டுவதை நான் விரும்புகிறேன். அது வீட்டின் சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தையே மூன்று ஃபேஸாக மாற்றிக் கொடுக்கும். மோட்டார் அதிராமல் கிளம்பும், வேகத்தைக் குமிழ் திருகி மாற்றலாம், கடையும் பரப்பும் வழவழப்பாக வரும். இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. அந்த வகை வி.எஃப்.டி. 230 வோல்ட்தான் தரும் என்பதால், மோட்டாரை அதற்கேற்ப டெல்டாவாக இணைக்க முடியுமா என்று வைண்டிங் செய்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய சுவிட்சை விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அதைத் திருப்பினால் வி.எஃப்.டி. எரிந்துவிடலாம். வி.எஃப்.டி. இல்லாதவர்கள் சாதாரண சுவிட்சுக்குப் பதிலாக ஸ்டார்ட்டர் வைக்க வேண்டும். கரன்ட் போய்த் திரும்பி வரும்போது, பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குள் கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், லேத் தானாகக் கிளம்பிவிடக்கூடாது.

விளக்கிலும் ஆபத்து உண்டு. பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மின்னி அணைகிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்று தாடை சக் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் நொடிக்குச் சரியாக 100 தாடைகள் ஒரே இடத்தைக் கடக்கும். ஒவ்வொரு மின்னலிலும் ஒரு தாடை அதே இடத்தில் தெரியும். சக் நின்றுவிட்டதாகவே தோன்றும். நான்கு தாடை சக்குக்கு 1500 சுற்றில் இதே மாயம் நடக்கும். மலிவான சில எல்.இ.டி. விளக்குகளும் இப்படியே மின்னுகின்றன. நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. விளக்குகளை வாங்கி, ஒன்றைக் கூரையிலும் ஒன்றைக் கருவியின் அருகிலும் பொருத்த வேண்டும்.

அடுத்து லேத் வாங்குவது. பஞ்சாபின் பட்டாலாவிலும் குஜராத்தின் ராஜ்கோட்டிலும் செய்யப்படும் எளிய லேத்துகள் புதிதாகவே கிடைக்கின்றன. பழையது வாங்கினால் எச்.எம்.டி., கிர்லோஸ்கர், பி.எஸ்.ஜி. என்று அருமையான மெஷின்கள் சந்தைக்கு வரும். ஆனால் அவற்றில் பெரியவை ஒரு டன்னைத் தாண்டும், வீட்டு வாசலில் நுழையாது. எதை வாங்கினாலும் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய லேத்தில் பெட் அதிகம் தேய்ந்திருப்பது சக்குக்கு அருகில்தான், வேலை முழுக்க அங்கேதான் நடந்திருக்கும். சேடிலை அங்கே நிறுத்தி, அதன் பூட்டை லேசாக இழுபறி தெரியும் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு மறுகோடியில் ராடின் முனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். நடுவழியில் சிக்கிக்கொண்டால், தேயாத பெட் அங்கே தொடங்குகிறது என்று பொருள். அடுத்து சக்கில் ஒரு தடித்த ராடைப் பூட்டி, அடியில் மரக்கட்டையைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். மேலே வைத்த டயல் கேஜின் முள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் தாவினால் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். பேரிங்கை மாற்றலாம். தேய்ந்த பெட்டைச் சீவித் திருத்துவது வீட்டுக்காரர் மேல் போட்டுக்கொள்ளும் வேலை அல்ல.

இறக்கும்போது ஒரு எச்சரிக்கை. லேத்தின் எடை சக்கைச் சுழற்றும் ஹெட் ஸ்டாக் பக்கம் குவிந்திருக்கும், உச்சியிலும் கனம் அதிகம். சேடிலையும் டெயில் ஸ்டாக்கையும் மறுகோடிக்குத் தள்ளிப் பூட்டி, பட்டையைப் பெட்டைச் சுற்றிக் கட்டித் தூக்க வேண்டும். தரையில் நகர்த்த மூன்று இரும்பு பைப்பும் ஒரு கடப்பாரையும் பொறுமையும் போதும்.

இப்போது மிக முக்கியமான கட்டம். கொத்தனாரின் ரசமட்டம் ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சாய்வைத்தான் நம்பகமாகக் காட்டும். மெஷின் நிறுவுபவர்களின் ரசமட்டத்தில் குமிழி ஒரு கோடு நகர்ந்தால் மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வு என்று அர்த்தம். விலை அதிகம், ஆனால் இரவல் கிடைக்கும் பொருள்தான். அதைச் சேடிலின் மேல் பெட்டுக்குக் குறுக்காக வைத்து, சக் பக்கம் ஒரு முறை, டெயில் ஸ்டாக் பக்கம் ஒரு முறை பாருங்கள். குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். லேத் பூமிக்கு மட்டமாக இருக்கிறதா என்பது நமக்குப் பெரிய விஷயமே அல்ல. கப்பலில்கூட லேத் ஓடுகிறது. பெட் முறுக்கில்லாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வித்தியாசம் தெரிந்தால் காலுக்கடியில் மெல்லிய ஷிம் தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஆங்கர் போல்ட்டை இறுக்கிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போதுதான் முறுக்கு ஏறுகிறது.

ரசமட்டம் கிடைக்காதவர்களுக்கும், கிடைத்தவர்களுக்குமேகூட, கடைசித் தீர்ப்பை லேத்தே சொல்லிவிடும். 40 மில்லிமீட்டர் ராடு ஒன்றைச் சக்கில் பிடித்து, 150 மில்லிமீட்டர் வெளியே நீட்டி வையுங்கள். டெயில் ஸ்டாக்கால் தாங்க வேண்டாம். நடுப்பகுதியைக் கொஞ்சம் ஆழமாகக் கடைந்துவிட்டு, இரு முனைகளிலும் ஒரு விரற்கடை அகலத்துக்கு வளையம் விடுங்கள். பிறகு கூரான கருவியால், கருவியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், இரண்டு வளையங்களையும் ஒரே ஓட்டத்தில் மிக மெல்லியதாகச் சீவி மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே விட்டம் என்றால் பெட் நேராக இருக்கிறது. வெளிமுனை வளையம் பெரிதாக இருந்தால், கருவி அங்கே உங்கள் பக்கமாக விலகி ஓடியிருக்கிறது. டெயில் ஸ்டாக் பக்கத்து முன்காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், பெட் பின்பக்கம் சாய்ந்து கருவியை ராடின் அச்சை நோக்கித் தள்ளும். சிறிதாக இருந்தால் பின்காலை உயர்த்த வேண்டும். மறுபடி கடைந்து, மறுபடி அளந்து, வித்தியாசம் 0.01 மில்லிமீட்டருக்குள் வரும்வரை செய்யுங்கள். ஒரு முழு நாள் போகலாம். அந்த நாளைக் கொடுக்காமல் பட்டறை தொடங்குகிறவர், பிறகு ஒவ்வொரு வேலையிலும் அரைமணி நேரத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பார். தரை புதுசு என்பதால் மூன்று மாதம் கழித்தும் ஒரு மழைக்காலம் கழித்தும் இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கருவிகளில் நான் சொல்வது எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கருவியில் தொடங்குங்கள் என்பதுதான். சாதாரணக் கரி எஃகு 200 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். எச்.எஸ்.எஸ். 600 டிகிரிக்கு அருகிலும் கூர் தாங்கும். டெய்லர், ஒயிட் என்ற இருவர் அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் கண்டறிந்த, இந்த எஃகைப் பதப்படுத்தும் முறையை 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டிக்காட்டியபோது பொறியாளர்கள் வியந்து நின்றார்கள். கார்பைடு இன்னும் வெப்பம் தாங்கும். ஆனால் அதற்கு அதிக வேகமும் அசையாத கனமான மெஷினும் வேண்டும். 1 எச்.பி. லேத்தில் அதன் முனை எளிதில் பொரிந்துவிடலாம். எச்.எஸ்.எஸ். துண்டை நீங்களே சாணை பிடிக்கலாம். எந்தக் கோணத்தில் தீட்டினால் சீவல் எப்படி வருகிறது என்பதைக் கை கற்றுக்கொள்ளும். மென் எஃகுக்கு நிமிடத்துக்கு 28 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்துக்கொண்டால், 25 மில்லிமீட்டர் ராடு சுமார் 360 சுற்று சுற்ற வேண்டும். ராடு 50 மில்லிமீட்டர் என்றால் 180 போதும். சீவல் நீலமாக வந்தால் எச்.எஸ்.எஸ். கருவிக்கு அது அதிகச் சூடு, வேகத்தைக் குறையுங்கள்.

சாணை மெஷினை லேத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். முடிந்தால் கதவுக்கு வெளியே, முடியாவிட்டால் எதிர்மூலையில். பறக்கும் சாணைத்தூள் பெட்டில் படிந்தால், கிரானைட் தூளிலிருந்து காப்பாற்றியதெல்லாம் வீணாகும். சத்தமும் அதில்தான் அதிகம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது சட்டம் வகுத்த எல்லை. லேத்தின் ஓசையைச் சுவர் மறைத்துவிடும், சாணையையும் சுத்தியலையும் மறைக்காது. இரவு பத்து மணிக்குமேல் அக்கம்பக்கத்தார் தூங்கட்டும்.

அளப்பதில் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். உலகமெங்கும் நீள அளவுகள் 20 டிகிரி வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை. கடைந்து முடித்த கையோடு 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட் அறையைவிட 20 டிகிரி சூடாக இருந்தால், விட்டம் 0.01 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகக் காட்டும். ஆறியதும் சுருங்கி பேரிங்கில் தளர்ந்து நிற்கும். மைக்ரோமீட்டரும் ஷாஃப்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை தேநீர் குடிக்கலாம். புதுவீட்டுச் சமையல் மேடையில் மிஞ்சிய கிரானைட் துண்டு இருந்தால் எடுத்து வையுங்கள். மைக்ரான் அளவில் அளக்க அது உதவாது. கோடு போடவும் தகட்டை நிமிர்த்திப் பார்க்கவும் நன்றாகவே உதவும்.

உடைகள் பற்றிக் கண்டிப்பாக இருக்க வேண்டும். கைலி, துப்பட்டா, தொங்கும் முந்தானை, முழுக்கை சட்டை, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எதுவும் சுழலும் சக்கின் அருகே ஆகாது. நீண்ட முடியைக் கொண்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். கையுறையும் கூடாது. காப்பதற்காகப் போடும் கையுறையையே சக் பிடித்து, கையையும் சேர்த்து இழுத்துவிடும். 1 எச்.பி. மோட்டாருக்கு மனித எலும்பு ஒரு தடையே அல்ல. சக் கீயைச் சக்கில் விட்டுவிட்டு ஒரு நொடிகூடக் கையை எடுக்காதீர்கள். சீவலைக் கொக்கியால் இழுங்கள், விரலால் அல்ல. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்ட பிறகே சுவிட்சில் கை வைக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பட்டறைக்குப் பூட்டும், மெயின் சுவிட்சுக்கு இன்னொரு பூட்டும் போடுங்கள். கால்வனைஸ் செய்த பைப்பை அடைத்த அறையில் வெல்டிங் செய்ய வேண்டாம். துத்தநாகப் புகையை முகர்ந்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

சக்குகளில் மூன்று தாடை வசதியானது, நான்கு தாடை உண்மையானது. மூன்று தாடையில் பொருளை எடுத்துத் திரும்ப மாட்டினால் நூறில் ஐந்து பங்கு, பத்துப் பங்கு மையம் விலகும். நான்கு தாடையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே நகர்த்தி, டயல் கேஜ் வைத்து நூறில் ஒரு பங்குக்குள் மையப்படுத்தலாம். முதல் சில வாரம் பொறுமையைச் சோதிக்கும். பழகிய பிறகு இரண்டு நிமிட வேலை.

முதலில் கடைய வேண்டியதாக நான் சொல்வது ஒரு சென்டர், அதாவது ராடின் முனையைத் தாங்கும் கூம்பு. 30 மில்லிமீட்டர் மென் எஃகுத் துண்டைச் சக்கில் பிடித்து, கருவியைச் சாய்வாக நகர்த்த உதவும் காம்பவுண்ட் ஸ்லைடை 30 டிகிரிக்குத் திருப்பி, 60 டிகிரி கூம்பு வரும்படி கடையுங்கள். சக்கிலிருந்து கழற்றாதவரை அந்தக் கூம்பின் முனை லேத்தின் அச்சிலேயே இருக்கும். சக் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் அது சுழலும் இடத்திலேயே வெட்டப்பட்டது. அதற்கும் டெயில் ஸ்டாக் சென்டருக்கும் நடுவில் ஒரு ராடைத் தாங்கிக் கடைந்து, இரு முனையையும் அளந்தால் டெயில் ஸ்டாக் விலகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட நேர்ந்தால் ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிடுங்கள், மறுபடி மையத்துக்கு வந்துவிடும்.